ஆட்களைப் பங்கு போடுவது எப்படி? ஐரோப்பிய அமைச்சர்களுக்குக் கடம்பூரிலிருந்து ஒரு கையேடு

பிரஸ்ஸல்ஸில் அடிக்கடி கூடிக் கலையும் உள்துறை அமைச்சர்களுக்கு வணக்கம். எங்கள் ஊரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில், கரிசல் காட்டில் ரயில் நின்று போகும் ஊர் கடம்பூர். ரயில் நின்றதும் ஜன்னல் வழியே போளி வரும்; ஊருக்கு வெளியே எங்களுக்கு இருக்கும் பேர் அவ்வளவுதான். ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தால் உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம். பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ், அல்லது திருப்பூர் பஸ்.

இந்த ஊர்க்காரனுக்கு ஐரோப்பிய அகதிப் பிரச்சினையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அனுபவம் ஐயா, அனுபவம். எந்த அகதிக்கு எந்த நாடு பொறுப்பு என்று நீங்கள் டப்ளினில் உட்கார்ந்து முதல் ஒப்பந்தம் எழுதியது 1990இல். அதற்கு 26 வருஷம் முன்பே நாங்கள் ஒன்பதே முக்கால் லட்சம் பேரை இரண்டு நாடுகளுக்குள் பிரித்து, கணக்கில் இடித்த மிச்சத்தைப் ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஓரமாக வைத்தும் இருந்தோம். பிரிக்கப்பட்டவர்களில் பலருடைய பாட்டன் பூட்டன்மார் திருநெல்வேலி, ராமநாதபுரம் சீமைகளின் வறண்ட காடுகளிலிருந்து கங்காணி பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள். ஆகவே இந்தக் கையேட்டை எழுத எங்களுக்குப் பாத்தியதை உண்டு. கட்டணம் கிடையாது. விரும்பினால் போளி வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் கணக்குப் போடுங்கள், ஆளைக் கேட்காதீர்கள்

பங்கு போடுவதில் முதல் விதி, பங்கு போடப்படுகிறவரை அறைக்குள் விடக் கூடாது. விட்டால் அவர் ‘நான் எங்கே இருக்க விரும்புகிறேன் தெரியுமா?’ என்று ஆரம்பித்துவிடுவார். கூட்டம் கெட்டுப்போகும்.

1964 அக்டோபர் 30ஆம் தேதி டெல்லியில் இந்த விதி ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது. சுதந்திரம் வாங்கிய கையோடு, 1948இலேயே, இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து மலையகத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக ஆக்கியிருந்தது. தேயிலையும் ரப்பரும் இலங்கையுடையவை, பறித்தவர் மட்டும் யாருடையவரும் இல்லை என்ற நிலை. இரு நாட்டுப் பிரதமர்கள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் உட்கார்ந்து பேசினார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று முடிவானது. மீதி ஒன்றரை லட்சம் பாக்கி. இலங்கை 4 பேருக்குக் குடியுரிமை கொடுத்தால் இந்தியா 7 பேரைக் கூட்டிப்போக வேண்டும். 15 வருஷத்தில் முடித்துவிட வேண்டும். இடையில் குழந்தை பிறந்தால்? அதையும் விடவில்லை. ‘இயற்கைப் பெருக்கம்’ என்று ஒரு வரி சேர்த்து, இன்னும் பிறக்காத பிள்ளையையும் பங்கில் வைத்தார்கள். உங்கள் ஆணையத்தில் எத்தனையோ நிபுணர்கள் இருக்கிறார்கள். இந்த அளவுக்கு முன்யோசனை உண்டா?

தோட்டத் தொழிலாளர்களின் பெரிய சங்கத்தை நடத்திய சௌமியமூர்த்தி தொண்டமான் இந்தப் பேரத்தை எதிர்த்தார். எதிர்ப்பு பதிவானது, ஒப்பந்தம் நடந்தது. பாக்கியிருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75 ஆயிரம் என்று சரிபாதியாக வெட்டினார்கள். அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த பதுளைத் தோட்டத்துப் பெண்ணுக்கு, தான் எந்தப் பாதி என்று கடுதாசி வந்த பிறகுதான் தெரிந்திருக்கும். ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் விழுந்தார்கள். கணக்கு என்றால் அப்படித்தான்.

வந்தவர்களை என்ன செய்வது என்று கவலைப்பட வேண்டாம். தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்குக் கப்பல் விட்டு, மண்டபம் முகாமில் இறக்கி, கையில் ஒரு குடும்ப அட்டை கொடுத்தால் முடிந்தது. அந்த மண்டபம் முகாமே ஒரு விசேஷம். தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய காலத்தில் இலங்கைக்காரர்கள் நம் மண்ணில் வைத்து நடத்திய முகாம் அது. அம்மை, காலரா இல்லையென்று பார்த்து ஆளை ஏற்றி அனுப்புவார்கள். போனவர்களின் பேரப்பிள்ளைகளும் அங்கேயேதான் வந்து இறங்கினார்கள். பிறகு போருக்குத் தப்பி வந்தவர்களும் அங்கேயேதான். ஒரே கட்டடத்தில் இத்தனை தலைமுறையைக் கையாண்ட சிக்கனத்தை உங்கள் வரவுசெலவுக் குழு பாராட்ட வேண்டும்.

வந்தவர்களுக்கு வேலையும் பங்குதான். நீலகிரியில் அவர்களுக்காகவே 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டம்தான் டான்டீ. கேரளத்துக்குப் போனவர்களுக்குப் புனலூரில் ரப்பர், கர்நாடகத்துக்குப் போனவர்களுக்குச் சுள்ளியத்தில் ரப்பர். இன்னும் சிலருக்கு நூற்பாலை. பெரும்பாலோருக்கு ‘வியாபாரக் கடன்’. காலம் முழுக்கக் கொழுந்து பறித்துப் பழகிய கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, முன்பின் தெரியாத ஊரில் கடை வைக்கச் சொன்னார்கள். கடை என்ன ஆயிற்று என்று கேட்கக் கூடாது. கையேட்டில் அந்தப் பக்கம் இல்லை. (நம் ஊர்ப் பக்கமெல்லாம் நகைக்கடன் போர்டு வைத்திருக்கிறதே ரெப்கோ வங்கி, அது 1969இல் இவர்களுக்காகப் பிறந்தது. அடகு வைக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?)

முதலில் கால் வைத்த மண்ணே பொறுப்பு

உங்கள் டப்ளின் ஒப்பந்தத்தின் உயிர்நாடி இந்த விதி. எந்த நாட்டில் முதலில் கால் வைக்கிறாரோ அந்த நாடுதான் மனுவை விசாரிக்க வேண்டும். கடலோரத்தில் இருக்கும் இத்தாலியும் கிரேக்கமும் மால்ட்டாவும் சுமக்கும். நடுநாட்டில் மலைக்குள் இருப்பவர்கள் ‘அடடா’ என்று வருத்தப்பட்டுக்கொண்டிருப்பார்கள். வரைபடத்தைப் பார்த்து எழுதிய சட்டம். நல்ல சட்டம்தான், கடல் இல்லாத நாட்டுக்கு.

நாங்கள் இதை எழுதிவைக்காமலேயே செய்தோம். இலங்கையில் 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு பாக் நீரிணையைத் தாண்டிப் படகுகள் வர ஆரம்பித்தன. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே இருப்பது சுமார் 30 கிலோமீட்டர் கடல். சில படகோட்டிகள் கரை வரை வராமல் மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, யாராவது வருவார்களா என்று பார்த்து நிற்க வேண்டியதுதான். அப்படியும் இப்படியுமாக 1983 தொடங்கி முப்பது வருஷத்துக்குள் வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிப் போனார்கள். சிலரைத் திருப்பி அனுப்பினார்கள். 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அந்த ‘விருப்பத்தின் பேரில் திரும்புதல்’ ரொம்ப வேகமாக நடந்தது. இருந்துவிட்டவர்களில் முகாம்களில் மட்டும் 58 ஆயிரம் பேருக்கு மேல் என்று 2021இல் கணக்குச் சொன்னார்கள். நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள். வெளியே போலீஸ் பதிவோடு இருப்பவர்கள் இன்னொரு 34 ஆயிரம்.

இவ்வளவு பெரிய இந்தியாவில் தமிழ்நாட்டைத் தவிர மற்ற மாநிலங்கள் பங்கு எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்திருக்கின்றன. உள்துறை அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் ஒடிசாவின் பெயர் வரும். அங்கே 54 பேர். ஆயிரம் போட மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தலை எண்ணிக்கையே அவ்வளவுதான். அடுத்த மாநாட்டில் போலந்தும் ஹங்கேரியும் முகம் சுளித்தால் இந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டிச் சமாதானப்படுத்துங்கள்.

எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக்கு வந்த பங்கு மூன்று முகாம்கள். ஒன்று தூத்துக்குடியை ஒட்டி மாப்பிள்ளையூரணியில். மற்ற இரண்டும் எட்டயபுரத்துப் பக்கம், தாப்பாத்தியிலும் குளத்துள்வாய்ப்பட்டியிலும். கரிசல் மண்ணும் சீமைக்கருவேலமும்தான் சுற்றிலும். கடலைப் பார்த்து வளர்ந்த மன்னார்க்காரருக்கு ஏற்ற இடமா என்று நீங்கள் கேட்கலாம். புறம்போக்கு இருந்த இடம், ஐயா.

பொறுப்பைப் பிரிப்பதில் எங்களிடம் இன்னொரு நுட்பமும் உண்டு. முகாமை நடத்துவது மாநிலம், செலவைத் திருப்பித் தருவது மத்திய அரசு, குடியுரிமை கொடுக்கும் அதிகாரமும் மத்திய அரசுக்கு மட்டும். முகாம்வாசி கலெக்டர் ஆபீஸில் கேட்டால் ‘அது சென்ட்ரல்’ என்பார்கள். டெல்லியில் கேட்டால் ‘அவர்களை மாநில அரசு நன்றாகக் கவனித்துக்கொள்கிறதே’ என்பார்கள். முதலமைச்சர்கள் கட்சி பேதமில்லாமல் கடிதம் எழுதுவார்கள். பிரதமர்களும் கட்சி பேதமில்லாமல் பெற்றுக்கொள்வார்கள்.

வர முடியாதவர் வரி அனுப்பலாம்

உங்களுடைய புதிய உடன்படிக்கையை நான் ரசித்துப் படித்தேன். 2024 மே மாதம் முடிவாகி, 2026 ஜூன் 12 முதல் நடைமுறை என்று தேதி குறித்தது. எனக்கு எங்கள் ஊர்க் கோயில் கொடை ஞாபகம் வந்துவிட்டது. கொடைக்கு ஊர்க்கூட்டம் போட்டுத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி வைப்பார்கள். திருப்பூரிலும் சென்னையிலும் பிழைக்கிறவர்கள் வரமுடியாது. போனில் பணத்தை அனுப்பிவிடுவார்கள். உடன்படிக்கையும் அச்சு அசல் அதேதான். வருஷத்துக்குக் குறைந்தது 30 ஆயிரம் பேரை நாடுகள் தங்களுக்குள் ஏற்க வேண்டும். ஏற்க மனமில்லையா, தலைக்கு 20 ஆயிரம் யூரோ வைத்துவிடு. ‘ஒற்றுமை’ என்று பெயர்.

வரிக் கணக்கை எழுதுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. எல்லாரும் பணம் அனுப்பிவிட்டால் பந்தலில் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. கொடை நடக்க ஊரில் நாலு பேர் இருந்தாக வேண்டும். அந்த நாலு பேர் எப்போதும் அதே நாலு பேராக இருப்பார்கள். உங்களுக்கு அது இத்தாலியின் லாம்பெடூசா தீவு. எங்களுக்கு மண்டபம்.

வரியே கொடுக்க மாட்டேன் என்கிறவர்களும் உண்டு. 2015இல் இத்தாலியிலும் கிரேக்கத்திலும் தேங்கியவர்களில் 1,60,000 பேரைப் பிரித்து எடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தீர்கள். காலக்கெடு முடிந்தபோது எடுத்துக்கொண்டது 35 ஆயிரத்தை எட்டவில்லை. மறுத்த போலந்து, ஹங்கேரி, செக் மூன்றும் சட்டத்தை மீறின என்று உங்கள் நீதிமன்றம் 2020 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் எடுத்துக்கொள்ள வேண்டிய தவணையே முடிந்து வருஷங்கள் ஆகியிருந்தன. தஞ்சச் சட்டங்களை மதிக்காத ஹங்கேரிக்கு 2024 ஜூனில் 20 கோடி யூரோ அபராதம், அது போக நாளொன்றுக்குப் பத்து லட்சம். ஹங்கேரி அசையவில்லை. எங்கள் ஊரில் வரி கொடுக்காத வீட்டுக்குத் தேங்காய் முறி கிடைக்காது. அந்த அவமானத்துக்கே மறுநாள் கொண்டுவந்து கட்டிவிடுவார்கள். ஐரோப்பாவில் தேங்காய் விளையாதது ஒரு குறைதான்.

வரியும் வேண்டாம், ஆளும் வேண்டாம் என்றால் மூன்றாவது வழி, தூரத்தில் ஒரு ஏழை நாட்டைப் பிடித்து ஏற்றி அனுப்புவது. பிரிட்டன் 2022இல் ருவாண்டாவைப் பிடித்தது. கோடிக்கணக்கில் பவுண்டு செலவு, வழக்குகள், சட்டத்தின் மேல் சட்டம். 2024 ஜூலையில் புதிய அரசு வந்து திட்டத்தைத் தூக்கிப் போட்டபோது போயிருந்தவர்கள் நான்கு பேர், அதுவும் தாங்களாகப் போனவர்கள். ஒடிசா கணக்கைப் பார்த்துத் திகைத்தவர்கள் இதையும் கவனிக்கவும்.

அந்தப் பிரிட்டனிடமே நம் ஆட்களும் மாட்டினார்கள். 2021 அக்டோபரில் கனடாவுக்கென்று கிளம்பிய ஒரு படகு நடுக்கடலில் தத்தளித்தபோது, அதில் இருந்த இலங்கைத் தமிழர்களைக் கொண்டுபோய் டியேகோ கார்சியா என்ற ராணுவத் தீவில் இறக்கினார்கள். அமெரிக்கத் தளம், பிரிட்டிஷ் தீவு, இந்தியப் பெருங்கடல், தமிழ் அகதி. யார் பொறுப்பு? மூன்று வருஷத்துக்கு மேல் கூடாரத்தில் வைத்து, எலியோடும் காவலரோடும் இருக்கச் செய்து, 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோரைப் பிரிட்டனுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அந்தத் தீவுக்கான நீதிமன்றமே சொன்னது.

முகாம் நடத்தும் முறை

இந்தப் பகுதியை அமைச்சர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். நாலு மாதத்துக்கு முகாம் நடத்த யாராலும் முடியும். நாற்பது வருஷம் நடத்துவதற்குத் தனித் திறமை வேண்டும்.

இடம் பெரிதாக வேண்டாம். ஆரம்பத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடம், காலி குடோன் என்று கிடைத்ததில் வைத்தோம். பிறகு பத்துக்குப் பத்து அறைகள், வரிசையாக, மேலே தார் அட்டையோ ஓடோ. ஒரு குடும்பத்துக்கு ஒன்று. மகனுக்குக் கல்யாணமானால் சேலையைத் தடுப்பாகக் கட்டிக்கொள்ளலாம். பத்துக்குப் பத்து என்பது தற்காலிகம் என்று கூரையிலேயே எழுதிவிட வேண்டும். எழுத்து அழியும் வரை யாரும் கேட்க மாட்டார்கள்.

பணம் மாதம் ஒரு முறை. 2021 உயர்வுக்குப் பிறகு குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. அரிசி உண்டு. பணத்தோடு சேர்த்துத் தணிக்கை உண்டு. இதுதான் முகாமின் இதயம். அந்த நாளில் மேசை போட்டு வருவாய் ஆய்வாளர் உட்காருவார். பக்கத்தில் கியூ பிராஞ்ச் உளவுப் போலீஸ் ஆட்கள். பதிவேட்டில் பெயர் படிக்கப் படிக்கக் குடும்பம் குடும்பமாக நேரில் வந்து நிற்க வேண்டும். கோவில்பட்டியில் சாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தாலும் சரி, சிவகாசியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தாலும் சரி, அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்து ‘நான் இருக்கிறேன்’ என்று காட்டிவிட்டுப் போக வேண்டும். காட்டாவிட்டால் பெயர் தொங்கும். தொங்கிய பெயரைத் திரும்ப ஏற்றுவதற்குள் செருப்புத் தேய்ந்துவிடும். கொடுக்கிற ஆயிரத்துக்கும் இழக்கிற கூலிக்கும் கழித்துப் பார்த்தால் என்ன மிஞ்சும் என்பதை உங்கள் பொருளாதார நிபுணர்களுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம்.

படிப்பைத் தாராளமாகக் கொடுங்கள். நாங்கள் கொடுத்தோம். நடுவில் 1991க்குப் பிறகு சில வருஷம் கல்லூரிக் கதவை மூடினோம், பிறகு திறந்துவிட்டோம். முகாம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிப்பார்கள், வாத்தியார்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். படிப்பு முடிந்ததும் கதவு எங்கே இருக்கிறது என்று காட்டாமல் இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம்.

போன பங்குனியில் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க இரண்டு பேர் வந்தார்கள். இந்தப் பக்கத்தில் பெயின்ட் வேலை என்றாலே முகாம் ஆட்கள்தான் நினைவுக்கு வருவார்கள். சுத்தமாகச் செய்வார்கள் என்று பேர். இளையவன் பட்டி பார்த்துவிட்டு, உப்புத்தாளைத் தேய்த்தபடி சுவரில் வெளிச்சம் விழும் கோணத்தைச் சாய்ந்து சாய்ந்து பார்த்தான். பேச்சில் பாதி எட்டயபுரம், பாதி மன்னார்.

“எந்த ஊருப்பா?”

“தாப்பாத்தி, அண்ணாச்சி.”

“அது சரி. சொந்த ஊரு?”

“அம்மாவுக்கு மன்னார். எனக்குத் தாப்பாத்திதான்.”

“படிச்சிருக்கியா?”

“பி.இ. மெக்கானிக்கல். கம்பெனியில பாஸ்போர்ட் கேக்காங்க, ரேஷன் கார்டு கேக்காங்க. நான் முகாம் கார்டக் காட்டுனேன். போன்ல சொல்றோம்னாங்க.” கொஞ்ச நேரம் தேய்த்தான். “பிரைமர் காய நாளைக்கு ஒரு நாள் விடணும், அண்ணாச்சி. நாளைக்கு எங்களுக்குத் தணிக்கை. ரெண்டும் சரியா வந்துட்டு.”

இயந்திரப் பொறியியல் படித்தவர் அடித்த பெயின்ட் என்பதால் எங்கள் வீட்டுச் சுவர் இன்றும் நேராக நிற்கிறது.

மனிதாபிமானம் காட்ட விரும்பும் ஆட்சியாளர்களுக்கும் வழி உண்டு. வீடு கட்டிக் கொடுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, இடிந்துகொண்டிருந்த அறைகளுக்குப் பதில் 7,469 புது வீடுகள் என்றது. கட்டவும் ஆரம்பித்தார்கள். ‘அகதிகள் முகாம்’ போர்டை எடுத்துவிட்டு ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாட்டினார்கள். பகடிக்காக எழுதினாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும்: காங்கிரீட் கூரை நல்ல விஷயம். சித்திரை வெயிலில் தார் அட்டைக்குக் கீழே ஒரு மத்தியானம் இருந்தவர் அதைக் குறை சொல்ல மாட்டார். வீட்டுக்குள் இருப்பவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் மாநில அரசால் பதில் தர முடியாது.

சரியான தேதியைத் தேர்ந்தெடுங்கள்

எந்த மனிதரையும் ஒரு தேதியால் வெளியே நிறுத்திவிடலாம். இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று ஒரு சட்டமும் செய்துகொள்ளவில்லை. அதனால் எங்கள் சட்டத்தில் அகதி என்று ஒருவர் கிடையாது. அயலார் உண்டு. 2003 திருத்தத்துக்குப் பிறகு ‘சட்டவிரோதக் குடியேறி’ உண்டு. படகில் வந்தவர் விசா முத்திரை குத்திக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

பிறப்புக்கும் தேதி உண்டு. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆக, ஒரே முகாமில், ஒரே தாய்க்கு, மூத்தவள் 1987 ஜூன் முப்பதாம் தேதி பிறந்து, அடுத்த வருஷம் தம்பி பிறந்திருந்தால், அக்கா இந்தியர், தம்பி சட்டவிரோதக் குடியேறி. தம்பி செய்த குற்றம் பொறுமையாக இருந்தது.

2019இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, ஜைன, பார்சி, கிறிஸ்தவ மக்களுக்கு வழி திறந்தது. இலங்கையிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், பலர் கிறிஸ்தவர்கள். மதம் பொருந்தியது, தேதியும் பொருந்தியது. நாடு பொருந்தவில்லை.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் இலங்கைத் தமிழர் ஒருவர் தன்னைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று கேட்டபோது, உலகெங்கும் இருந்து வருபவர்களை வைத்துக்கொள்ள இந்தியா என்ன சத்திரமா என்ற பொருளில் நீதிபதி கேட்டார். வேறு நாட்டுக்குப் போகலாமே என்றும் சொல்லப்பட்டது. ராணி மங்கம்மாள் சாலையோரம் சத்திரம் கட்டி வைத்த சீமையில் இந்தச் செய்தியைப் படிப்பது ஒரு மாதிரியாக இருந்தது. அதே 2025 செப்டம்பரில் புதிய குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, ஆவணம் இல்லாததற்காகத் தண்டனை இல்லை என்று ஓர் ஆணை வந்தது. நல்ல ஆணைதான். ஜெயிலுக்கு அனுப்ப மாட்டோம் என்கிறது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எச்சரிக்கை: பிரச்சினை தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில சமயம் விபத்து நேர்ந்து, பங்கு போட வேண்டிய அவசியமே போய்விடும். மூன்று உதாரணம் தருகிறேன்.

2003இல் இலங்கை நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, மிச்சமிருந்த நாடற்ற மலையகத் தமிழருக்குக் குடியுரிமை கொடுத்தது. 1964இல் ஆரம்பித்த ஏழுக்கு நாலு கணக்கு ஒரே சட்டத்தில் முடிந்துபோனது. இலங்கையும் மூழ்கிவிடவில்லை.

2022 ஆகஸ்டில், 1986ஆம் வருஷம் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லிவிட்டது. சட்டத்தில் இருப்பதைத்தான் சொன்னார்கள். அதற்குள் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் ஓட்டுப் போட்டார். அன்று மாலை இந்தியா இருந்த இடத்தில்தான் இருந்தது.

மூன்றாவது உங்களுடையது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. மார்ச் 4ஆம் தேதியே, 2001இல் எழுதித் தூசி படிய வைத்திருந்த ஒரு விதியை எடுத்து, வருகிறவர்கள் தாங்கள் விரும்பிய நாட்டில் இருக்கலாம், வேலை பார்க்கலாம், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கலாம் என்றீர்கள். 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். 30 ஆயிரத்துக்கு வருஷக்கணக்காகப் பேரம் பேசுகிற நீங்கள்தான் இதைச் செய்தீர்கள். தலைக்கு இவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்றதும், சொந்தக்காரர் இருக்கிற ஊருக்கும் வேலை இருக்கிற ஊருக்கும் அவர்களே பிரிந்து போய்விட்டார்கள். அந்த ரகசியம் சிரியாக்காரருக்கும் சூடான்காரருக்கும் தெரிந்துவிடாமல் நீங்கள் காப்பாற்றி வருவதும் தெரியும்.

கையேடு இத்துடன் முடிகிறது. கீழே உள்ளது ஐரோப்பிய அமைச்சர்களுக்கு அல்ல, கோவில்பட்டி, விளாத்திகுளம் தொகுதி வாசகர்களுக்கு.

இந்தியாவில் பிறந்த முகாம் பிள்ளைகளுக்கும், இங்கேயே முப்பது நாற்பது வருஷம் கழித்துவிட்டவர்களுக்கும், திரும்பிப் போக விரும்பாவிட்டால் குடியுரிமை கொடுக்க ஒரு சட்டத் திருத்தம் போதும். மூன்று நாடுகளின் பட்டியலில் நான்காவதாக ஒரு பெயரைச் சேர்க்கலாம். பட்டியலே இல்லாமல் செய்தால் இன்னும் நல்லது. அடுத்த தேர்தலில் உங்கள் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், தாப்பாத்தி முகாமுக்கு ஓட்டுக் கேட்டுப் போனீர்களா என்று கேளுங்கள். போயிருக்க மாட்டார். அங்கே ஓட்டு கிடையாது.